ஆடுகளப் பண்பு

பள்ளிகளுக்கு இடையிலான மாவட்ட நிலைப் பூப்பந்துப் போட்டி ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். 15 வயதிற்குட்பட்டோர் பிரிவு, மூன்றாம் செட். இருவரும் 19 புள்ளிகளில் சமநிலையில் இருக்கின்றனர். எதிராளி ஓங்கி அடித்த இறகுப்பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும் போல் விரைந்து வருகிறது. அதை விட்டுவிடலாம் என்று இந்தப் பக்கத்து மாணவன் மட்டையைப் பின்னுக்கு இழுக்கிறான். இழுக்கும் அந்த நொடியில் பந்தின் இறகு மட்டையின் நுனியில் மெல்ல உரசிச் செல்கிறது. ஓசை கேட்கவில்லை. பந்தின் திசையும் மாறவில்லை. கோட்டுக்கு வெளியே ஓர் அடி தள்ளி விழுகிறது. நடுவர் இவனுக்கே புள்ளியை அறிவிக்கிறார். 20-19. இன்னும் ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் வெற்றி.

பூப்பந்து விதிப்படி, பந்து மட்டையில் பட்டுவிட்டு எதிராளியின் பக்கம் செல்லாமல் போனால் அது தவறு. புள்ளி எதிராளிக்கு உரியது. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், பந்து உரசியதை நடுவர் பார்க்கவில்லை, பயிற்றுநர் பார்க்கவில்லை, மண்டபத்தில் அமர்ந்திருந்த பெற்றோரும் நண்பர்களும் பார்க்கவில்லை. மட்டையைப் பிடித்திருந்த கைக்கு மட்டுமே அந்தச் சிறு அதிர்வு தெரியும். கையை உயர்த்தி, “பந்து என் மட்டையில் பட்டது, ஐயா” என்று சொல்வதா, அல்லது வாய் திறக்காமல் அடுத்த பந்தைப் போடத் தயாராவதா என்பதை அவன் இரண்டு மூன்று நொடிகளுக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

விளையாட்டுப் பண்பு என்று சொன்னால் பலருக்கும் ஆட்டம் முடிந்தபின் கைகுலுக்குவதே நினைவுக்கு வரும். கைகுலுக்குவது நல்ல பழக்கம்தான். ஆயினும், எதிராளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், விரல் நுனியைத் தொட்டுவிட்டு நடையைக் கட்டுபவர்களும் உண்டு. பண்பு உண்மையில் சோதிக்கப்படுவது ஆட்டம் நடந்துகொண்டிருக்கும் போதுதான். அதிலும், யாருக்கும் தெரியாது என்ற நிலையில்தான்.

விதிகள் இதைக் கண்டுகொள்ளவில்லை என்று கூற முடியாது. பூப்பந்தில் நடுவரின் சட்டைப்பையில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் இருக்கின்றன. முறைகேடாக நடக்கும் விளையாட்டாளருக்கு மஞ்சள் அட்டை காட்டினால் எச்சரிக்கை. சிவப்பு அட்டை காட்டினால் எதிராளிக்கு ஒரு புள்ளி போய்ச் சேரும். அதற்கும் மேலாகக் கறுப்பு அட்டை ஒன்று உண்டு. தலைமை நடுவர் அதைக் காட்டினால் விளையாட்டாளர் போட்டியிலிருந்தே நீக்கப்படுவார். ஆட்டத்தைத் தாமதப்படுத்துவது முறைகேடு. பந்தின் வேகம் மாற வேண்டும் என்பதற்காக அதன் இறகுகளை விரல்களால் வேண்டுமென்றே வளைப்பதும் ஒடிப்பதும்கூட முறைகேடு என்று விதி பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. யாரோ பலமுறை அப்படிச் செய்து பார்த்ததால்தான் இவ்வளவு நுணுக்கமாக எழுத வேண்டி வந்திருக்கும்! ஆனாலும் விதிகள் எப்போதும் ஓர் அடி பின்தங்கியே வருகின்றன. கண்ணில் பட்டதை மட்டுமே அவற்றால் தண்டிக்க முடியும்.

விதியின் எழுத்துக்கும் விளையாட்டின் பொருளுக்கும் இடையே எவ்வளவு பெரிய இடைவெளி விழக்கூடும் என்பதை 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டி உலகத்துக்குக் காட்டியது. அந்த ஆண்டு பெண்கள் இரட்டையர் பூப்பந்தில் முதலில் குழு நிலை ஆட்டங்களும் அதன்பின் காலிறுதியும் நடைபெற்றன. ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் இணைகள் காலிறுதிக்குச் செல்லும். குழுவில் எத்தனையாவது இடம் என்பதைப் பொறுத்து, அடுத்த சுற்றுகளில் யாரைச் சந்திக்க வேண்டும் என்பது முடிவாகும்.

சீனாவின் வலுவான இணைகளுள் ஒன்று எதிர்பாராத வகையில் டென்மார்க் இணையிடம் தோற்று, தன் குழுவில் இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. அதனால் ஒரு சிக்கல் எழுந்தது. சீனாவின் மற்றோர் இணையான வாங் சியாவ்லி, யூ யாங் இருவரும் தங்கள் குழுவில் முதலிடம் பெற்றால் இறுதியாட்டத்திற்கு முன்பே சொந்த நாட்டு இணையைச் சந்திக்க நேரிடும். தோற்றால் அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் ஏற்கெனவே காலிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டதால் தோல்வியால் இழப்பதற்கு எதுவுமில்லை. ஜூலை 31ஆம் நாள் இரவு அவர்கள் தென்கொரிய இணையுடன் மோதினர். எதிரே நின்ற தென்கொரிய இணைக்கும் வெற்றியில் ஆர்வம் இல்லை. உலகின் தலைசிறந்த விளையாட்டாளர்கள் பந்தை வலையில் அடித்தார்கள். கோட்டுக்கு வெளியே அடித்தார்கள். முதல் அடியையே தவறவிட்டார்கள். நுழைவுச்சீட்டு வாங்கி வந்திருந்த பார்வையாளர்கள் சிறிது நேரம் குழம்பினர். பிறகு உரக்கக் கூச்சலிட்டுத் தங்கள் கண்டனத்தைத் தெரிவித்தனர். தலைமை நடுவர் ஆடுகளத்துக்குள் வந்து எச்சரித்தும் பயனில்லை. அன்றிரவே மற்றொரு தென்கொரிய இணையும் இந்தோனேசிய இணையும் மோதிய ஆட்டத்திலும் இதே கதைதான் நடந்தது.

மறுநாள் உலகப் பூப்பந்துச் சம்மேளனம் நான்கு இணைகளையும், அதாவது எட்டு விளையாட்டாளர்களையும், போட்டியிலிருந்து நீக்கியது. வெற்றிக்காகத் தங்களால் இயன்ற முழு முயற்சியைச் செய்யவில்லை என்பதும், விளையாட்டின் பெயருக்குக் கேடு விளைவித்தனர் என்பதும் குற்றச்சாட்டுகள். அவர்களது இடத்தில், குழு நிலையிலேயே வெளியேறிவிட்ட நான்கு இணைகள் மீண்டும் அழைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான இரஷ்ய இணை வெண்கலப் பதக்கத்தையே வென்றுவிட்டது.

அந்த எட்டுப் பேரும் செய்ததற்கு ஆதரவாகவும் வாதங்கள் எழுந்தன. பதக்கம் வெல்வதே குறிக்கோள் என்றால், அதற்கு வசதியான வழியைத் தேர்ந்தெடுப்பது உத்திதானே? போட்டியின் அமைப்பில் ஓட்டையை விட்டுவிட்டு, அதில் நுழைந்தவர்களை மட்டும் தண்டிப்பது நியாயமா? இந்தக் கேள்விகளை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. போட்டி அமைப்பில் குறை இருந்தது என்பதை உணர்ந்துதான், பிற்பாடு குழுவில் இரண்டாம் இடம் பெறும் இணைகள் அடுத்து யாருடன் மோதும் என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும்படி விதி மாற்றப்பட்டது. இருப்பினும், அமைப்பில் உள்ள குறை அந்த இரவைச் சரியாக்கிவிடாது. ஒருவர் தம் முழுத் திறமையையும் காட்டுவார் என்ற நம்பிக்கையில்தான் எதிராளி வலைக்கு அப்பால் நிற்கிறார். அந்த நம்பிக்கை போய்விட்டால் நடப்பது ஆட்டமே அன்று. ஆட்டம் போன்ற ஒரு நாடகம்.

நீக்கப்பட்ட எட்டுப் பேரில் இந்தோனேசியாவின் கிரேசியா பொலியும் ஒருவர். அவர் விளையாட்டை விட்டுவிடவில்லை. 2021ஆம் ஆண்டு நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில், தம்மைவிடப் பத்து வயதுக்கும் மேல் இளையவரான அப்ரியானி ரஹாயுவுடன் இணைந்து ஆடி, இந்தோனேசியாவுக்குப் பெண்கள் இரட்டையர் பிரிவின் முதல் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். அப்போது அவருக்கு வயது 33.

பண்பு என்பது எப்போதும் இழப்போடுதான் வர வேண்டுமா என்ற கேள்வி மாணவர்களுக்கு எழலாம். சில வேளைகளில் இழப்போடுதான் வருகிறது. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஸ்பெயின் நாட்டின் நவார்ரா வட்டாரத்தில் உள்ள புர்லாடா என்ற ஊரில் குறுக்கோட்டப் போட்டி ஒன்று நடந்தது. கென்யாவைச் சேர்ந்த ஏபெல் முத்தாய் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் தடைதாண்டி ஓட்டத்தில் வெண்கலம் வென்றவர் அவர். முடிவுக்கோட்டைக் கடந்துவிட்டதாகத் தவறாக எண்ணி, கோட்டுக்குச் சில அடிகளுக்கு முன்பே அவர் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்தவர் 24 வயது ஸ்பானிய ஓட்டக்காரர் இவான் பெர்னாண்டஸ் அனயா. அவர் முத்தாயைக் கடந்து சென்றிருந்தால் வெற்றி அவருக்கே. விதியில் அதற்குத் தடை ஏதுமில்லை. அனயாவோ பின்னாலேயே நின்றுகொண்டு, கோடு இன்னும் முன்னால் இருக்கிறது என்று கையசைத்துக் காட்டினார். முத்தாய் முதலாவதாக வந்தார். அனயா இரண்டாவதாக வந்தார்.

இந்த நிகழ்ச்சியைப் பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பின் நடந்ததுதான் சிந்திக்க வேண்டியது. அனயாவின் பயிற்றுநர் மார்ட்டின் ஃபிஸ், 1995இல் உலக மாரத்தான் வெற்றியாளராகத் திகழ்ந்தவர். தம் மாணவரின் நேர்மையைப் பாராட்டிய அவர், தாமாக இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்பதையும் மறைக்காமல் கூறினார். அச்செயல் அனயாவை நல்ல மனிதராக்கியதே தவிர, நல்ல ஓட்டக்காரராக்கவில்லை என்பது அவர் கருத்து. அனயாவும் தம்மை உத்தமராகக் காட்டிக்கொள்ளவில்லை. முத்தாய் ஏற்படுத்தியிருந்த இடைவெளியைத் தம்மால் நெருங்கியே இருக்க முடியாது, ஆகவே அவர்தான் உண்மையான வெற்றியாளர் என்றார். அதே வேளையில், உலகப் போட்டியின் பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் தாம் வேறு மாதிரி நடந்திருக்கக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலும் நேர்மைதான். முன்கூட்டியே எவரும் தம் மனத்தை முழுவதுமாக அறிந்திருப்பதில்லை.

பள்ளி மாணவருக்கு ஃபிஸ் போன்ற பயிற்றுநர்தாம் அமைவார் என்பதில்லை. பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரே பயிற்றுநராக இருப்பார். வகுப்பில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திடலுக்கு வருவார். அவருடைய சொல்லுக்கு மாணவரிடம் இருக்கும் வலிமை சிறிதன்று. பூப்பந்தில் ஒருவர் 11 புள்ளியை எட்டியதும் 60 விநாடி இடைவேளை கிடைக்கும். வியர்வையைத் துடைத்து, தண்ணீர் குடித்த பிறகு எஞ்சுவது அரை நிமிடம் இருக்கலாம். அந்த அரை நிமிடத்தில் பயிற்றுநர் சொல்லும் ஒன்றிரண்டு வாக்கியங்களே மாணவரின் மனத்தில் நிற்கும். “அவனுடைய பின்கை பலவீனமாக இருக்கிறது, அங்கே அடி” என்பதும் அறிவுரைதான். “நடுவர் கவனிக்கவில்லை, தைரியமாகக் கேள்” என்பதும் அறிவுரைதான். மாணவர் இரண்டையும் ஒரே பாடமாகவே கற்றுக்கொள்கிறார். காற்பந்துத் திடலில், பெனால்டி எல்லைக்குள் யாராவது லேசாகத் தொட்டாலும் விழுந்துவிடு என்று சொல்லிக் கொடுக்கும் பயிற்றுநர், தாம் ஏமாற்றச் சொல்லிக் கொடுப்பதாக நினைப்பதில்லை. அனுபவத்தைப் பகிர்வதாகவே நினைக்கிறார்.

பயிற்றுநரின் பண்பு வேறொரு இடத்திலும் வெளிப்படும். குழுவில் எப்போதும் மாற்று விளையாட்டாளராகவே அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் இருப்பார். தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துக் கொடுப்பார், கைதட்டுவார், சீருடை வியர்வையில் நனையாமலேயே வீடு திரும்புவார். 5-0 என்ற கோல் கணக்கில் அணி முன்னணியில் இருக்கும்போதுகூட அவரைத் திடலில் இறக்காத பயிற்றுநர், ஆறாவது கோலை எதற்காகத் தேடுகிறார் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

இனி, வேலிக்கு அப்பால் நிற்பவர்களைப் பார்க்கலாம். அனயா ஓடிய அதே ஞாயிற்றுக்கிழமை, அதே டிசம்பர் 2ஆம் நாள், நெதர்லாந்தின் அல்மேரே நகரில் இளையோர் காற்பந்து ஆட்டம் ஒன்று நடந்தது. 41 வயதுத் தந்தை ஒருவர் தம் மகன் ஆடிய அந்த ஆட்டத்தில் ஊதியம் எதுவும் பெறாமல் தொண்டூழியராகக் கோட்டு நடுவர் பணியைச் செய்தார். அவருடைய தீர்ப்புகளால் ஆத்திரமடைந்த எதிரணியினர், ஆட்டம் முடிந்ததும் அவரைச் சூழ்ந்துகொண்டு தாக்கினர். மறுநாள் அவர் மருத்துவமனையில் இறந்தார். தண்டிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பதின்ம வயதினர். அவர்களோடு ஒரு விளையாட்டாளரின் தந்தையும் இருந்தார். அடுத்த வார இறுதியில் நெதர்லாந்தில் நடக்கவிருந்த தொழில்முறை சாரா காற்பந்தாட்டங்கள் அனைத்தும் நிறுத்திவைக்கப்பட்டன. ஓர் ஊரில் ஒருவர் வெற்றியை விட்டுக்கொடுத்த அதே நாளில், இன்னோர் ஊரில் ஒரு கொடி அசைவுக்காக ஓர் உயிர் போயிற்று.

இப்படிப்பட்ட கொடுமை அரிதாகவே நிகழ்கிறது. ஆனால் அதன் தொடக்கம் அரிதன்று. நடுவரைப் பார்த்துக் கத்துவதும், எதிரணிச் சிறுவன் வழுக்கி விழுந்தால் சிரிப்பதும், தம் பிள்ளை தவறவிட்ட பந்துக்காகப் பலர் முன்னிலையில் திட்டுவதும் எத்தனையோ திடல்களில் காணக்கூடிய காட்சிகள். பள்ளிப் போட்டிகளில் நடுவராக இருப்பவர் பெரும்பாலும் வேறு பள்ளியிலிருந்து வந்த ஆசிரியராகவோ சற்று மூத்த மாணவராகவோதான் இருப்பார். அவருக்கு உதவக் காணொளி மறுபார்வை இல்லை. தொலைக்காட்சியில் மெதுவாக ஓட்டிக் காட்டப்படும் காட்சிகளைப் பார்த்துப் பழகிய கண்கள், அவரிடமும் அதே துல்லியத்தை எதிர்பார்க்கின்றன.

கத்தும் பெற்றோர் கெட்ட எண்ணத்தோடு கத்துவதில்லை. வேலையிலிருந்து விடுப்பு எடுத்து, வெயிலில் நின்று, பிள்ளை வெல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில்தான் குரல் உயர்கிறது. ஆனால் திடலில் நிற்கும் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கிறது? பயிற்றுநர் “பின்னால் நில்” என்கிறார். அப்பா “முன்னால் போ” என்கிறார். பந்து வருவதற்குள் யார் சொல்வதைக் கேட்பது என்றே பிள்ளைக்குப் புரிவதில்லை. இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் 2008இல் மரியாதையை வலியுறுத்தும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. இளையோர் ஆட்டங்களில் பெற்றோர் நிற்பதற்குத் திடலின் ஓரத்தில் தனித் தடுப்பு கட்டினார்கள். நடுவரிடம் பேசும் உரிமை அணித்தலைவருக்கு மட்டுமே என்று வகுத்தார்கள். பார்வையாளர் கைதட்டலாம், ஆனால் குரல் கொடுக்கக் கூடாது என்ற ‘மௌன’ வார இறுதிகளும் சில நாடுகளில் நடத்தப்பட்டிருக்கின்றன. உற்சாகமூட்டும் குரலும் சேர்ந்து அடங்கிவிடுகிறது என்பது அதிலுள்ள குறை.

பார்வையாளரின் பண்புக்கு ஜப்பானிய இரசிகர்களை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கமாகிவிட்டது. அதற்குக் காரணமும் உண்டு. 2018 உலகக் கிண்ணப் போட்டியில் ஜப்பான் 2-0 என்று முன்னணியில் இருந்தும், பெல்ஜியத்திடம் 3-2 என்று கடைசி நிமிடத்தில் தோற்றது. கண்ணீரோடு நின்ற இரசிகர்கள், தாங்கள் அமர்ந்திருந்த இடத்துக் குப்பைகளைப் பைகளில் சேகரித்துவிட்டுத்தான் வெளியேறினர். விளையாட்டாளர்களும் உடைமாற்றும் அறையைத் துப்புரவாக்கி, இரஷ்ய மொழியில் ‘நன்றி’ என்று எழுதிவைத்துச் சென்றனர்.

மலேசிய மாணவர்கள் அறிந்த காட்சி வேறொன்று. டத்தோ லீ சோங் வெய், சீனாவின் லின் டானிடம் 2008, 2012 என அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் இறுதியாட்டங்களில் தோற்றார். இலண்டனில் கடைசி செட் 21-19 என்று கைநழுவிப் போனது. 2016இல் இரியோவில் இருவரும் அரையிறுதியில் மீண்டும் மோதினர். கடைசி செட்டை 22-20 என்று வென்றவர் இந்த முறை லீ. ஆட்டம் முடிந்ததும் இருவரும் தழுவிக்கொண்டு, தங்கள் சட்டைகளை மாற்றிக்கொண்டனர். அந்தத் தழுவலில் விட்டுக்கொடுத்தல் எதுவும் இல்லை. ஒரு புள்ளியைக்கூட இருவரில் ஒருவரும் மற்றவருக்கு இனாமாகத் தரவில்லை. தம்மை அந்த அளவுக்கு உயர்த்தியவர் வலைக்கு அப்பால் நின்றவர்தான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

19-19 என்ற நிலையில் விட்டுவந்த மாவட்டப் போட்டிக்குத் திரும்பலாம். அந்த மாணவன் கையை உயர்த்தினான் என்றே வைத்துக்கொள்வோம். நடுவர் புள்ளியைத் திருத்துகிறார். இப்போது எதிராளிக்கு 20, இவனுக்கு 19. அடுத்த பந்து வலையில் சிக்குகிறது. ஆட்டம் முடிந்தது. நல்லது செய்தவனுக்கு அடுத்த புள்ளி கிடைத்தே தீரும் என்ற ஏற்பாடு பூப்பந்தில் இல்லை.

சிறிய போட்டிகள் சிலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவரே அடுத்த ஆட்டத்திற்குக் கோட்டு நடுவராக அமர வேண்டும். ஈரச் சட்டையோடு அவன் பின்கோட்டின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் போய் உட்காருகிறான். பந்து வெளியே விழுந்தால் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து உரக்க அறிவிக்க வேண்டும். உள்ளே விழுந்தால் வலக்கையால் கோட்டைச் சுட்டினால் போதும். விளையாட்டாளர் மறைத்துக்கொண்டதால் பந்து விழுந்த இடம் தெரியாமல் போனால், அதற்கும் ஒரு சைகை இருக்கிறது. இரு கைகளாலும் தன் கண்களை மூடிக் காட்ட வேண்டும். ‘நான் பார்க்கவில்லை’ என்பதே அதன் பொருள். நான்காவது பந்திலேயே அவனுக்கு அந்தச் சைகை தேவைப்படுகிறது. மண்டபத்தின் மேல்வரிசையிலிருந்து யாரோ கத்துகிறார்கள். அவன் கைகளைக் கண்களிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த பந்துக்காகக் கோட்டைப் பார்க்கிறான்.